பூப்பொட்டலம் பிரிக்காமலே கிடைத்த பதில்

போன வருடம் ஆடி பிறந்தபோது என் வீட்டுக்காரர் என்னோடும் மகளோடும் பேசுவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தார். சண்டை இல்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. நாங்கள் ஒன்று சொன்னால் தலையை ஆட்டுவார். சில நேரம் அதுவும் இல்லை. நான் பேசும்போது என் முகத்தையே உற்றுப் பார்ப்பார். நான் என்ன தப்பு செய்தேன் என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டே இருப்பேன்.

நம் மாகாளியம்மனை நம்பி வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸில் ஓட்டை, கறை, நூல் பிசகு பார்த்துத் தள்ள வேண்டும். எதற்கும் பயப்படுகிறவள் நான். கம்பெனி வேன் கொஞ்சம் தாமதமாக வந்தால் எங்கோ கவிழ்ந்துவிட்டது என்று நினைப்பேன். மகள் கல்லூரியிலிருந்து போன் செய்தால் "என்ன ஆச்சு" என்றுதான் முதலில் கேட்பேன். அப்படிப்பட்டவளுக்கு அம்மன் எப்படித் துணை நின்றாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் வடக்கேயும் நான் பொங்கலூர் பக்கம் எங்கள் ஊரிலுமாகத்தான் குடும்பம் நடத்தினோம். லீவில் வருவார், போவார். கடைசி சில வருடங்களில் போனிலும் அதிகம் பேசமாட்டார். சிக்னல் இல்லை என்பார். வந்து சேர்ந்தால் போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒருவழியாக வந்து சேர்ந்தார். தெருவே வந்து பார்த்தது. பென்ஷன் வருகிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, இனி என்ன கவலை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்ச நாளிலேயே பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில் கேட் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். பட்டாளத்திலிருந்து வந்தால் நம் பக்கம் முதலில் கிடைப்பது அந்த வேலைதான். தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வேலை நிலைக்கவில்லை. முதலாளியின் அப்பா ஒருநாள் காரில் வந்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி ஏதோ சொன்னாராம். இவர் அசையாமல் நின்றாராம். மறுபடி சொன்னாராம். அப்போதும் நின்றாராம். பெரியவரை வெயிலில் காக்க வைத்துவிட்டார், மிலிட்டரித் திமிர் இன்னும் இறங்கவில்லை என்று மேனேஜர் பேசியிருக்கிறார். இவர் மறுவார்த்தை சொல்லாமல் விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இதெல்லாம் அங்கே வேலை செய்யும் ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே அடைந்துகொண்டார். விசேஷ வீடுகளுக்குப் போனால் பந்தி முடிந்ததும் தனியாகப் போய் உட்கார்ந்துவிடுவார். என் சின்ன மாமனார் மகன் ஒரு கல்யாணத்தில், "ஏனுங்ணா, கேன்டீன் சரக்கு நமக்குக் கண்ணுல காட்டக் கூடாதுங்களா" என்று பின்னாலிருந்து கேட்டார். பட்டாளத்துக்காரர் இருக்கும் வீட்டில் மிலிட்டரி கேன்டீன் பாட்டிலை எல்லோரும் கேட்பதுதான். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார். கேட்டவருக்கு முகம் சுண்டிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் அவர் வீட்டில் இல்லை. போன் கட்டிலில் கிடந்தது. செருப்பு இல்லை. என் மனசு எங்கெங்கெல்லாம் போனது என்பதை இங்கே எழுத மாட்டேன். ரயில் தண்டவாளம் வரைக்கும் போய்விட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவரே நடந்து வந்தார். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன் என்றார். எதற்கு என்றேன். கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவர் அடிக்கடி அப்படிப் போக ஆரம்பித்தார். கூடவே இன்னொரு இடியும் வந்தது. வெளிநாட்டில் காவல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், கூடப் பணி செய்த ஒருவர் அங்கே போயிருக்கிறார், நானும் போகலாம் என்று இருக்கிறேன் என்றார். அன்றைக்குத்தான் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினார். இத்தனை வருடம் காத்திருந்து வந்த மனிதர், வந்த பிறகு எங்களோடு இருக்கப் பிடிக்காமல் மறுபடி போகிறார் என்றால் என்ன அர்த்தம்? மகள், "அப்பாவுக்கு நம்மளப் புடிக்கலையாம்மா" என்று கேட்டாள்.

அம்மனிடம் அழுதேன். தாயே, இந்த மனிதரை எனக்கு எழுதி வைத்தது நீதான். பாதியாகவே கொடுத்தாய், சரி என்று இருந்தேன். இப்போதாவது முழுசாகக் கொடு. இதைத்தான் சமையல் செய்யும்போதும், வேனில் போகும்போதும், பீஸைப் புரட்டும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நம் பக்கம் எந்தக் காரியம் என்றாலும் பூ வாக்குக் கேட்காமல் செய்வதில்லை. மாகாளியம்மன் முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்து வைப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வாக்குக் கேட்கிறவர் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்க வேண்டும். பூசாரி, "நெனச்சாச்சுங்களா" என்று கேட்பார். "ஆச்சுங்க" என்று வாயால் சொன்ன பிறகுதான் பொட்டலத்தை எடுத்துக் கையில் கொடுப்பார். சொல்லாமல் எடுத்தால் வாக்குச் செல்லாது.

நான் தனியாகப் போனேன். அவர் வெளிநாடு போகலாமா என்று நினைத்துக்கொண்டேன். சிவப்பு. எனக்குச் சந்தோஷம். அடுத்த வெள்ளி மறுபடி போனேன். வீட்டு முன்னாலேயே ஒரு மளிகைக் கடை வைத்துக் கொடுத்தால் ஒழுங்காக இருப்பாரா? சிவப்பு. வேறு ஏதாவது கம்பெனியில் செக்யூரிட்டி வேலை பார்க்கச் சொல்லட்டுமா? அதற்கும் சிவப்பு. எதைக் கேட்டாலும் இல்லை என்றால் இந்த மனிதருக்கு வழியே இல்லையா?

பூசாரி தறி ஓட்டுகிறவர். காலையில் பூஜையை முடித்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓட வேண்டும். அவருக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

"ஏனுங் அம்மிணி, வாரா வாரம் நீங்களே வர்றீங்க. பொழப்பு அவருக்கா, உங்களுக்கா? அவரக் கூட்டியாங்க. அவரே நின்னு கேக்கட்டும்" என்றார்.

நான் அவரை எப்படிக் கூப்பிடுவது? வீட்டில் வந்து அவரிடம் சொல்லி அழுதேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை குளித்து வேட்டி கட்டிக்கொண்டு, போலாமா என்பதுபோல் வாசலில் வந்து நின்றார்.

அன்றைக்குக் கோயிலில் கூட்டம் அதிகம். மூலஸ்தானத்துக்கு முன்னால் அவரை நிறுத்தினேன். நான் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பட்டாளத்துக்காரர் அல்லவா, முதுகு நேராக நின்றது. பூசாரி பொட்டலங்களை வைத்துத் தீபம் காட்டிவிட்டுக் கேட்டார்.

"நெனச்சாச்சுங்களா?"

பதில் இல்லை.

"ஏனுங், நெனச்சாச்சுங்களா?"

அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பிடிவாதம் இல்லை, கோபம் இல்லை. நல்ல தூக்கத்தில் இருக்கும் முகம் போல அமைதியாக இருந்தது. பூசாரி மூன்றாவது தடவையும் கேட்டார். பின்னால் நின்றவர்களில் ஒரு பொம்பளை, "அந்தக் கம்பெனியிலயும் இப்பிடித்தான் நின்னாராமா" என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. அவர் கண்ணை மூடியபடியே நின்றுகொண்டிருந்தார்.

நான் அவர் கையைத் தொட்டேன். உடனே கண்ணைத் திறந்தார். திறந்ததும் அவர் பார்வை நேராகப் பூசாரியின் வாய்க்குத்தான் போனது. அம்மனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. பூசாரியின் உதட்டையே பார்த்தார்.

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை மாதமாக அவர் என்னை முறைக்கவில்லை. என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறார். கண் மூடினால் அவருக்கு உலகமே மூடிக்கொள்கிறது. உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்தது.

பூசாரி நேரமாகிறது என்று பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேண்டாமுங்க சாமி. எங்களுக்கு வாக்குக் கெடச்சுப் போச்சு" என்றேன்.

"பொட்டலத்தப் பிரிக்காமயே எப்பிடிங் அம்மிணி கெடைக்கும்? வெளையாட்டா இருக்குதா?" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதில் என்ன பூ இருந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

கோயிலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் அவரை உட்கார வைத்தேன். நேராக முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "ஏனுங்க, காது கேக்கறதில்லீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து சொன்னார். "எடது காது சுத்தமா இல்ல. வலதுல பாதி."

"எப்ப இருந்துங்க?"

"பட்டாளத்துலயே."

பீரங்கிச் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. ஓய்வு பெறும்போது நடந்த பரிசோதனையில்கூடச் சமாளித்துவிட்டாராம். ஊருக்கு வந்தால் போதும் என்று இருந்திருக்கிறது. பட்டாளத்தில் எல்லோரும் கத்திப் பேசுவார்கள், சொல்லப்போகும் வார்த்தையும் முன்கூட்டியே தெரிந்ததாக இருக்கும், ஓட்டிவிடலாம். இங்கே நம் ஊர்ப் பேச்சு மெதுவான பேச்சு. வாங்க, போங்க என்று வாய்க்குள்ளேயே மரியாதையாகப் பேசி முடித்துவிடுவோம். அவருக்கு ஒன்றும் எட்டவில்லை. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைத் தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள் அல்லவா, அது மட்டும் காதில் விழுமாம். அதற்காகத்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்.

"சொல்லியிருக்கலாமுங்கல்ல?" என்றேன்.

"செவிட்டு மிலிட்டரின்னு பேரு வைப்பாங்க, சாந்தி. உன்னையும் சொல்லுவாங்க" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் செக்கிங் டேபிளில் மும்தாஜ் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். அவர் அண்ணனும் பட்டாளத்தில் இருந்து வந்தவர். கலெக்டர் ஆபீஸ் பக்கம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே போ, போ என்று அவர் எனக்கு முன்பே பல தடவை சொல்லியிருந்தார். நான் அரசாங்க ஆபீஸ் என்றாலே வாசலோடு திரும்பிவிடுகிறவள். என்ன கேட்பார்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொல்வார்கள் என்ற பயம். இப்போது போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அல்லா ஒரு கதவத் தொறந்து உட்டுட்டான் கண்ணு. உங்க அம்மன்னு சொல்லிக்க, எனக்குச் சண்டையில்ல. ஆனா உள்ளார நடந்து போக வேண்டியது நீதான்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு வர மனசில்லை. இரண்டு கையும் காலும் இருக்கிறபோது போய் உதவி கேட்பதா என்றார். இது உதவி இல்லைங்க, உங்களுக்குச் சேர வேண்டியது என்று எப்படியோ சொன்னேன். அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னுடைய வார்த்தை இல்லை அது.

அங்கே நல அமைப்பாளர் என்று ஒருவர் இருந்தார். சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இவரைப் பார்த்ததும் எழுந்து, அந்த அறையே அதிரும்படி இந்தியில் ஏதோ சொல்லி வரவேற்றார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். பதிலுக்கு அவரும் இந்தியில் சத்தமாகச் சொன்னார். எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர் என்று பேச்சுப் போனது. வந்த நாளாக அவர் அப்படிப் பேசி நான் பார்க்கவில்லை.

நான் பயந்து பயந்து காது விஷயத்தைச் சொன்னேன். சுபேதார் ஐயா சிரித்தார்.

"பீரங்கியா? அப்ப கேக்காமப் போனாத்தான் நல்ல சிப்பாயின்னு அர்த்தமுங்க. இங்க பாருங்க" என்று தன் தலையைத் திருப்பிக் காட்டினார். அவர் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மிஷின் இருந்தது. "இதப் போட்டுட்டுத்தானுங்க இந்த ஆபீஸ்ல எல்லாருத்தையும் வெரட்டிட்டு இருக்கறேன்."

என் வீட்டுக்காரர் அந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் அவர் முகத்திலிருந்து அங்கேயே இறங்கிப் போனது. நான் நேரில் கண்டேன்.

முன்னாள் ராணுவத்தாருக்கு என்று தனியாக மருத்துவ வசதி இருப்பதும், அதற்கான அட்டை எங்கள் பீரோவிலேயே சும்மா கிடப்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர்களே எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கோயம்புத்தூருக்கு அலைந்தோம். சில நாள் டாக்டர் இல்லை. சில நாள் நாங்கள் கொண்டுபோன காகிதத்தில் ஏதோ ஒன்று குறைவு. ஒவ்வொரு தடவையும் நான், இனி அவ்வளவுதான் என்று நினைப்பேன். சுபேதார் ஐயாவுக்குப் போன் செய்தால், "ஒண்ணுமில்ல அம்மிணி, திங்கக்கெழம மறுபடி போங்க" என்பார். அந்த "ஒண்ணுமில்ல" எனக்கு விபூதி மாதிரி. தை மாதம் மிஷின் கைக்கு வந்தது.

அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது பல்லடத்தில் ஹாரன் சத்தம் தாங்காமல் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டினார். நான் அடுப்படியில் வேலையாக இருந்தேன். பின்னால் வந்து நின்று சொன்னார்.

"ஏன் சாந்தி, நீ நாள் பூரா இப்பிடித்தான் தனியா முணுமுணுத்துட்டே இருப்பியா?"

நான் திகைத்துப்போய், "சாமிகிட்டப் பேசறேனுங்க" என்றேன்.

"அம்மன் பாவம்" என்றார்.

மகள் சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். கொஞ்சம் பொறுத்து அவரும் சிரித்தார். அப்படித்தான் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பட்டாளத்திலிருந்து அவர் வந்தது அதற்கு முந்தின வருடம். எங்களிடம் வந்தது அந்தத் தை மாதம்.

வேலையும் அந்த அலுவலகத்தில் பதிந்து வைத்ததால்தான் வந்தது. ஒரு பெரிய பனியன் கம்பெனியில் வடநாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறார்கள். தீ பிடித்தால் என்ன செய்வது, மிஷினில் கை பட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்குப் புரிகிறபடி சொல்ல ஆள் இல்லை. இந்தியும் தெரிய வேண்டும், நாலு பேரை வரிசையில் நிற்க வைக்கவும் தெரிய வேண்டும். அலுவலகத்தில் முதலில் தீயணைப்புப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிறகு அந்தக் கம்பெனிக்குப் பெயர் கொடுத்தார்கள், இப்போது அங்கேதான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நான் வெளிநாடு கேட்டேன், மளிகைக் கடை கேட்டேன், கேட் வேலை கேட்டேன். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாதே, நான் எப்படிக் கேட்டிருப்பேன்? அந்தச் சிவப்புப் பூவெல்லாம் எனக்கு அப்போது கசந்தது. இப்போது அதை நினைத்தால் தாய் கையைப் பிடித்து நிறுத்தியதுபோல் இருக்கிறது. வெள்ளை வந்திருந்தால் நான் கோயில் பக்கம் அவரைக் கூட்டிக்கொண்டே வந்திருக்க மாட்டேன்.

சின்ன மாமனார் வீட்டுக்கு அவரே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். மறைக்கவில்லை. மிஷினைக் கழற்றிக் காட்டியிருக்கிறார். அவர்களும் அழுதிருக்கிறார்கள். இப்போது வரப் போக இருக்கிறோம்.

நான் மாறிவிட்டேன், கவலையே இல்லை என்று அம்மன் பெயரைச் சொல்லிப் பொய் எழுத மாட்டேன். வேன் தாமதமானால் இப்போதும் எங்கோ கவிழ்ந்துவிட்டது என்றுதான் நினைப்பேன். ஆனால் பயந்துகொண்டே போனாலும் போகலாம் என்று தெரிந்துவிட்டது. எங்கள் டேபிளில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் புருஷன் சமீபத்தில் பட்டாளத்திலிருந்து வந்திருக்கிறார், சரியாகத் தூங்குவதில்லை என்றாள். போன வாரம் லீவு போட்டு அவளை நானே அந்த அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போனது நான்தான். இதை நம்ப எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் திரும்பி வந்து, வந்தும் வராதவர்போல் இருந்தால் மனசு விட்டுவிடாதீர்கள். அவருக்காக வேண்டுங்கள். வேண்டியதோடு நிறுத்தாமல் அவரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து தாய் முன்னால் நிறுத்துங்கள். அரசாங்கம் அவருக்கென்று வைத்திருப்பது எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். அதுவும் அவள் காட்டும் வழிதான். உங்களுக்குத் தெரியாத பதில் அவளுக்குத் தெரியும்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவருக்கு மதியம் ஷிஃப்ட், அதனால் காலையில் இரண்டு பேரும் கோயிலுக்கு வருகிறோம். வேண்டிக்கொள்ள இந்த வாரம் ஒன்றும் இல்லை. சும்மா வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகிறோம்.